காலக்குறிப்பும் கடிகாரமும்: சிங்கப்பூர் வரலாற்றில் ஓர் ஏடு

வீட்டு வாயிலில் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது இன்று சிங்கப்பூரில் புதுமையன்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் பொதுத் தாழ்வாரத்தை நோக்கிக் கேமரா வைப்பதற்கு முன்பெல்லாம் அனுமதி பெற வேண்டியிருந்தது. 2023 மே 1 முதல் அத்தேவை நீங்கியது. காவல்துறை நிறுவியிருந்த கேமராக்களே 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 90,000 இருந்தன; 2030ஆம் ஆண்டுக்குள் அவை 200,000க்கு மேற்படும் என நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. எவ்விடத்தும் ஒரு கண் விழித்திருக்கிறது எனலாம்.

இக்கருவிகள் தரும் படத்தின் மூலையில் நாளும் மணியும் எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். பூச்சட்டி உடைந்தது எப்போது, செய்தித்தாளை எடுத்தவர் வந்தது எப்போது, மிதிவண்டி காணாமற் போனது எப்போது என்றெல்லாம் வழக்கு எழுந்தால் அண்டை வீட்டார் முதலில் நோக்குவது அவ்வெண்களைத்தான். ஆனால், ஈண்டு ஒரு வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம். படத்தில் உள்ள மனிதரைக் கருவி கண்டது. மூலையில் உள்ள மணியைக் கருவி காணவில்லை. தனக்கு எவரோ சொல்லிவைத்ததைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிறது. ஒரே படத்துக்குள் கண்ட சாட்சியும் கேட்ட சாட்சியும் அருகருகே நிற்கின்றன. கண்டதை நம்பும் உறுதியோடு கேட்டதையும் நம்பிவிடுவதால் விளையும் இடர் சிறிதன்று. குற்றமற்ற ஒருவர் மீது பழி விழுவதற்கு அரைமணி நேரப் பிழை போதும்.

கருவியின் மணி பிழைபடுதற்குக் காரணங்கள் சிலவே. அதனுள் துடிக்கும் படிகத்தின் துடிப்பு, பத்து இலட்சத்தில் இருபது பங்கு மாறினாலும் நாளொன்றுக்கு ஒன்றேமுக்கால் விநாடி பிசகும். ஓராண்டில் அது பத்து நிமிடத்தைத் தாண்டும். உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்தால் மின்தடைக்குப் பின் கருவி 1970 அல்லது 2000 சனவரி முதல் நாளுக்குத் திரும்பிவிடும். இவ்விரண்டும் எளிதிற் கண்டுபிடிக்கக் கூடியவை. மூன்றாவதுதான் நுட்பமானது: கருவியின் கடிகாரம் பழுதின்றி ஓடும்; ஆனால் வேறொரு நாட்டின் நேரத்தைக் காட்டும். இங்கு வாங்கிய கேமராவைத் தஞ்சையில் உள்ள தம் பெற்றோர் வீட்டில் பொருத்துவோர் பலர். நேர மண்டலத்தை மாற்றாது விட்டால் அது இந்திய நேரத்தினும் 2 மணி 30 நிமிடம் முந்திக் காட்டும். மாலை ஐந்தரைக்கு வந்த பால்காரர் இரவு எட்டுக்கு வந்தவராகிவிடுவார்.

இந்த இரண்டரை மணி எங்கிருந்து வந்தது? 1981ஆம் ஆண்டு வரை சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இருந்த வேறுபாடு சரியாக இரண்டு மணிதான். இவ்வரலாற்றை மாணவர் அறிந்துகொள்வது நன்று. ஏனெனில் இந்நகரின் கடிகாரம் ஒரு நூற்றாண்டுக்குள் பன்முறை திருத்தப்பட்டது. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பழைய பதிவுகள் திருத்தப்படாமலே எஞ்சின.

பொழுதை அளந்து அறிவிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. நாழிகைக் கணக்கர் நீர்க்கடிகை பார்த்து அரசனுக்குப் பொழுது அறிவித்ததை முல்லைப்பாட்டு காட்டுகிறது. அறுபது நாழிகை கொண்ட நம் நாள், அந்தந்த ஊரின் ஞாயிற்று எழுச்சியிலிருந்து தொடங்கியது. ஊருக்கு ஊர் பொழுது வேறுபடும். அதில் எவர்க்கும் இடரில்லை. கப்பலும் தந்தியும் புகைவண்டியும் வந்த பின்னரே ஊர்களின் பொழுதுகள் ஒன்றோடொன்று மோதின. 1792இல் சென்னையில் வானாய்வுக்கூடம் எழுந்தது. அங்கு நாட்டிய கருங்கல் தூணில் இலத்தீன் முதலிய மொழிகளோடு தமிழிலும் கல்வெட்டுப் பொறித்தனர். அக்கூடம் கணித்த சென்னை நேரம் கிரீனிச் நேரத்தினும் 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. 1906 சனவரி 1 அன்றுதான் ஐந்தரை மணி என்னும் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது.

சிங்கப்பூரின் இயற்கையான நேரம் கிரீனிச்சினும் 6 மணி 55 நிமிடம் 25 விநாடி முந்தியது. பினாங்கு மேற்கே உள்ளமையால் அதன் உச்சிப்பொழுது ஏறத்தாழ 14 நிமிடம் பிந்தி வரும். துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களின் மாலுமிகள் தம் கடிகாரங்களைச் சரிபார்க்கக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் வேண்டியிருந்தது. கென்னிங் கோட்டைக் குன்றின் மீது உயர்ந்த கம்பத்தில் ஏற்றிய பெரிய பந்து பகல் ஒரு மணிக்குச் சரியாக விழும். அப்பந்தின் மாதிரி ஒன்று இன்றும் கென்னிங் கோட்டைப் பூங்காவில் நிற்கிறது. மாணவரை அழைத்துச் செல்லத்தக்க இடம். குன்றிலிருந்து பீரங்கியும் முழங்கியதுண்டு. கடிகாரம் வாங்க வசதியற்ற துறைமுகத் தொழிலாளர்க்கு அவ்வோசையே மணி.

1905 சூன் 1 அன்று நீரிணைக் குடியேற்றங்கள் 105ஆம் பாகைக் கோட்டின் நேரத்தை ஏற்றன; கடிகாரம் ஏழு மணியாக முழுமைப்பட்டது. நாலரை நிமிட மாற்றம் எவரையும் உறுத்தியிராது. அடுத்த மாற்றத்தின் கதை வேடிக்கையானது. ஆளுநர் கில்லிமார்டு 1920இல் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளலாம் என்றார். அலுவல் முடிந்த பின் மாலையில் விளையாட்டுக்கும் உலாவுக்கும் வெளிச்சம் மிகும் என்பது நோக்கம். அது கைகூடவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்துச் சட்டமன்ற உறுப்பினர் ஆர்னால்டு ராபின்சன் அதே கருத்தை மீண்டும் எழுப்பினார். அரைமணியைக் குறைத்து இருபது நிமிடமாக்கினார். 1933 சனவரி 1 முதல் சிங்கப்பூர் கிரீனிச்சினும் 7 மணி 20 நிமிடம் முந்தியது. முதலில் சோதனையாக வந்தது பின்னர் நிலைபெற்றது. உலகில் நிமிடக் கணக்கில் இத்தகைய பின்னம் வைத்துக்கொண்ட இடங்கள் மிகச் சிலவே. வெள்ளைக்கார அலுவலர் மாலையில் பந்தாடுவதற்காகத் தோட்டத் தொழிலாளியின் விடியலும் இருபது நிமிடம் முன்தள்ளப்பட்டது என்று ஒரு மாணவர் எழுதினால், அதைப் பிழை என்று நான் திருத்த மாட்டேன்.

1941 செப்டம்பர் 1 அன்று மேலும் பத்து நிமிடம் கூடி ஏழரை மணியாயிற்று. அடுத்த ஆறு திங்களுக்குள் போர் நகரின் வாயிலுக்கு வந்தது.

1942 பிப்ரவரி 15 அன்று புக்கிட் தீமாவில் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல், ஜெனரல் யமாஷித்தாவிடம் சரணடைந்தார். பிரிட்டிஷார் கணக்கில் போர் ஓய்ந்தது இரவு 8.30 மணிக்கு, ஜப்பானியர் கணக்கில் இரவு 10 மணிக்கு. வரலாறு பயிலத் தொடங்கும் மாணவர் இவ்விரு எண்களையும் இரு வேறு நூல்களிற் கண்டால், ஓர் ஆசிரியர் பொய்யுரைத்தார் என்றே எண்ணுவர். இருவரும் உண்மையே உரைத்தனர். ஜப்பானியப் படை மலாயாக் காட்டைக் கடந்து வந்தபோதும் தோக்கியோவின் நேரத்தையே கைக்கடிகாரத்தில் சுமந்து வந்தது. தோக்கியோ கிரீனிச்சினும் ஒன்பது மணி முந்தியது, சிங்கப்பூர் ஏழரை. ஒன்றரை மணியைக் கழித்தால் பத்து எட்டரையாகும். துப்பாக்கிகள் ஓய்ந்த கணம் ஒன்றே. அதைக் குறித்த கடிகாரங்கள் இரண்டு.

மறுநாள் முதல் நகரமே தோக்கியோ நேரத்துக்கு மாறியது. பெயர் சியோனான் ஆனது, ஆண்டும் மாறியது. ஜப்பானியப் பேரரசின் கணக்குப்படி 1942, 2602 என்று எழுதப்பட்டது. அக்காலத் தாள் ஒன்றில் 2603 என்று கண்டு திகைப்போர் 660ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். திருவள்ளுவர் ஆண்டுக்கு 31ஐக் கூட்டிக் கழிக்கப் பழகிய தமிழாசிரியர்க்கு இக்கணக்கு கடினமாகாது. ஆனால் மணியின் மாற்றத்தை எத்தாளும் தன் நெற்றியில் எழுதி வைப்பதில்லை. ஞாயிறு எழும் பொழுது ஒன்றரை மணி தள்ளிப்போயிற்று. இயல்பாக ஆறு மணியளவில் விடியும் இந்நகரில், தோக்கியோக் கடிகாரம் எட்டு காட்டும்போது கதிரவன் எழுந்தது. அக்காலத்தில் விடியற்காலை ஏழு மணிக்கு வேலைக்குச் சென்றேன் என்று ஒரு முதியவர் சொன்னால், அவர் இருளில் நடந்தார் என்று நாம் உணர வேண்டும்.

1943 அக்டோபர் 21 அன்று கேத்தே திரையரங்கில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். அன்று சிங்கப்பூரின் சுவர்க்கடிகாரம் தோக்கியோ நேரத்தைக் காட்டியது. போரையொட்டி இந்தியாவும் தன் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி ஆறரையாக்கியிருந்தது. ஆகவே அக்காலத்து நிகழ்ச்சி எதன் மணியையும் இன்றைய கணக்கில் எடுத்தாள முயல்வோர் இரு முனையிலும் திருத்தம் செய்ய வேண்டும். ஒரு முனையை மட்டும் திருத்துவது திருத்தாமல் விடுவதினும் தீது.

1945 செப்டம்பர் 12 அன்று நகராட்சி மன்றக் கட்டடத்தில் ஜப்பானியர் சரண் புகுந்தனர். கடிகாரம் ஏழரைக்கு மீண்டது. பின்னோக்கித் தள்ளிய ஒன்றரை மணி நேரம் கடிகாரத்தில் இருமுறை ஓடியது.

அதன் பின்னர் 36 ஆண்டு அமைதி. பின்பு மலேசியப் பிரதமர் மகாதீர், தீபகற்பத்துக்கும் சபா, சரவாக் மாநிலங்களுக்கும் இருந்த அரைமணி வேற்றுமையை நீக்க முடிவு செய்தார். கிழக்கு மலேசியாவின் எட்டு மணி நேரமே நாடு முழுமைக்கும் என்றாயிற்று. பாலத்தைக் கடந்து நாள்தோறும் பல்லாயிரவர் வேலைக்கு வரும் சிங்கப்பூர், அண்டை நாட்டோடு அரைமணி மாறுபட்டு நிற்பது இயலாது, தானும் மாறியது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனபோது கடிகாரங்களை நள்ளிரவு 12க்கு நகர்த்தினர். புத்தாண்டு அரைமணி முந்திப் பிறந்தது.

நான் மாணவர்க்கு இடும் வினா ஒன்றுண்டு. ஒரு பிறப்புக் குறிப்பில் 1981 டிசம்பர் 31, இரவு 11.45, சிங்கப்பூர் என்று கண்டால் அதை ஏற்பீர்களா? பலர் ஏற்பர், சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பர், ஓரிருவரே 'அப்படி ஒரு மணி அன்று இங்கு இருக்கவில்லையே' என்பர். அந்த அரைமணியில் இந்நாட்டில் எவரும் பிறக்கவில்லை, எவரும் இறக்கவில்லை. அக்குறிப்பு உண்மையெனில், எழுதியவரின் கடிகாரம் திருத்தப்படவில்லை என்பதே அதன் பொருள். அந்தக் குழந்தை 1982ஆம் ஆண்டுக் குழந்தை. இது வெறும் விளையாட்டு வினா அன்று.

தேக்கா வட்டாரத்தின் விளிம்பில் இருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உலக அளவில் அது சாதனையாயிற்று. அவர்களது பிறப்பு மணி யாவும் ஏழரை மணிக் கணக்கில் எழுதப்பட்டவை. இன்று சிராங்கூன் சாலையில் சோதிடரிடம் அமர்ந்து, 1966இல் காலை 9.10க்குப் பிறந்தேன் என்று ஒருவர் சொல்ல, கணினி அதை எட்டு மணிக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அரைமணி பிழை நேரும். இலக்கினம் இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுவது. ஆகவே நால்வரில் ஒருவர்க்கு இலக்கினமே மாறிவிடும். சோதிடத்தில் எனக்குள்ள நம்பிக்கை எவ்வளவு என்பது இங்கு வேண்டா. அதை நம்பி மணமுடிக்கும் குடும்பங்கள் உள. அவர்களுக்கேனும் சரியான எண் கிடைக்க வேண்டும். இக்காரணம் பற்றியே ஊர்தோறும் நேர மாற்ற வரலாற்றைத் தொகுத்த கணினித் தரவுத்தளம் ஒன்று உலகில் இயங்குகிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பார் 1980களில் தொடங்கிய அத்தொகுப்பில் சிங்கப்பூர் என்னும் பதிவைத் திறந்தால், 6 மணி 55 நிமிடம் 25 விநாடியிலிருந்து எட்டு மணி வரை மேற்சொன்ன படிகள் யாவும் வரிசையாக நிற்கும். நம் கைப்பேசிக்குள்ளும் அது உறைகிறது.

நேரம் அரசியலானதற்கு இலங்கை சான்று. மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு 1996 மே மாதம் அந்நாடு கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளியது. அக்டோபரில் அரைமணி பின்வாங்கியது. 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. அப்பத்தாண்டில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய நேரத்திலேயே இயங்கின. ஒரே தீவில், ஒரே தீர்க்கரேகையில், இரு பொழுதுகள். வன்னியில் எடுத்த ஒரு குறிப்பையும் கொழும்பில் எடுத்த ஒரு குறிப்பையும் பக்கத்தில் வைத்து, முந்தியது எது என்று தீர்ப்பளிக்க வேண்டிய ஆய்வாளர் இதை அறியாதிருந்தால் காரணத்தைக் காரியமாக்கிவிடுவார்.

இனி, வீட்டுக் கேமராவுக்கு வருவோம். பிழையான மணியைக் கண்டதும் பெரும்பாலோர் செய்வது, கருவியின் கடிகாரத்தை உடனே சரிசெய்வது. அதுவே சான்றைக் கெடுக்கும் செயல். எத்துணைப் பிழை இருந்தது என்பதை அறியும் ஒரே வாய்ப்பும் அப்போது அழிந்துவிடும். முதலில், சரியான நேரம் காட்டும் கைப்பேசியைக் கேமராவின் முன் பிடித்துச் சற்று நேரம் பதிய விட வேண்டும். அப்பதிவில் இரு மணிகளும் ஒருங்கே தெரியும். வேறுபாட்டையும் கண்ட நாளையும் தாளில் எழுதி, உடன் இருந்தவர் ஒப்பமிட வேண்டும். மூலப் பதிவின் எண்களை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது. படியெடுத்த பின், 'இப்பதிவின் மணி 6 நிமிடம் பிந்தியது' என்னும் குறிப்பைத் தனியே இணைத்தால் போதும். ஏட்டுச் சுவடியைப் பதிப்பித்த நம் முன்னோர் மூலபாடத்தைக் கைவைக்காது அடிக்குறிப்பில் திருத்தம் தந்த நெறி இதுவே.

வேறுபாடு சரியாக அரைமணியோ முழுமணியோ இரண்டரை மணியோ எனில், நேர மண்டலப் பிழை என்று ஐயுறலாம். அது பதிவு முழுதும் ஒரே அளவாக நிற்கும். 6 நிமிடம் 20 விநாடி போன்ற ஒழுங்கற்ற எண் எனில், கடிகாரம் சிறிது சிறிதாகப் பிசகியது அல்லது பொருத்தியவர் தொடக்கத்திலேயே கவனமின்றி வைத்தார். இதை ஒருமுறை பார்த்து முடிவு செய்ய இயலாது. பத்து நாள் இடைவிட்டு இருமுறை ஒப்பிட வேண்டும். நாளுக்கு இரண்டு விநாடி பிசகினால், மூன்று திங்களுக்கு முந்திய பதிவில் பிழை மூன்று நிமிடம் வேறுபடும். நான்காம் வகுப்புக் கணக்கு. ஆயினும் அண்டை வீட்டாரின் நற்பெயர் அதில் தொங்குகிறது. இவையெல்லாம் முடிந்த பின்னரே கருவியை இணையத்தோடு இணைத்துத் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளுமாறு அமைக்கலாம். சிங்கப்பூரின் அதிகாரபூர்வ நேரத்தைத் தேசிய அளவையியல் நிலையத்தின் அணுக்கடிகாரங்கள் காக்கின்றன.

பல கேமராக்களின் பதிவுகளை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க நேரும்போது இதன் அருமை விளங்கும். 2013 டிசம்பர் 8 இரவு 9.23 மணியளவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ஷியர் சாலையும் கூடும் இடத்தில் பேருந்து மோதித் தமிழகத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அதையடுத்து லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, அவ்விரவின் நிகழ்ச்சிகளை நிமிட வரிசையில் ஆராய்ந்து 2014 சூன் மாதம் அறிக்கை அளித்தது. பேருந்திலிருந்த கேமராவின் பதிவும் சான்றுகளுள் ஒன்று. கூட்டம் திரண்டது எப்போது, உதவி வந்தது எப்போது, சினம் வெடித்தது எப்போது என்னும் வினாக்களில், முன்பின் என்னும் இரு சொற்களைச் சார்ந்தே பொறுப்பு அமைகிறது.

இருவேறு கருவிகளை ஒன்றாக்க, இரண்டிலும் பதிந்த ஒரே நிகழ்ச்சி வேண்டும். நள்ளிரவு வாணவேடிக்கை ஒன்று. ஆண்டுதோறும் பிப்ரவரி 15 அன்று மாலை 6.20 மணிக்குத் தீவெங்கும் ஒலிக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் சங்கொலி மற்றொன்று. ஒலியும் பதியும் கேமராவாயின், சங்கு ஊதியபோது மூலையில் 6.14 என்றிருந்தால் அது ஆறு நிமிடம் பிந்திய கருவி என்று அன்றே தெளியலாம்.

அச்சங்கொலி 1942ஆம் ஆண்டுச் சரணாகதியின் மணியை நினைவூட்டுவது. முழு தற்காப்பு நாளின் அடையாளம். பெர்சிவலின் கையெழுத்துக்கு உரிய 6.20, அன்று சிங்கப்பூர் கொண்டிருந்த ஏழரை மணிக் கடிகாரத்தின் 6.20 ஆகும். இன்றைய எட்டு மணிக் கடிகாரத்தில் அக்கணம் 6.50. பிப்ரவரி நடுவில் இங்குக் கதிரவன் மறைவது இன்றைய கணக்கில் 7.20 மணியளவில். எனவே அன்று ஒப்பம் இடப்பட்டபோது அந்திக்கு அரைமணியே எஞ்சியிருந்தது. இன்று சங்கு ஊதும்போது ஒரு மணி எஞ்சியிருக்கிறது.